அடுத்த அறையில் இருமியவர்

முதல் இருமல் அவருடையது. இரண்டாவது இருமலும் அவருடையதுதான். ஆனால் அது பக்கத்து அறையிலிருந்து வந்தது.

பன்னிரண்டு பேருக்குத் தட்டு அடுக்கி வைத்திருந்த சாப்பாட்டு மேசைக்கு எதிரே, சிவப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தார் விமர்சகர். முப்பது வருடமாகப் பத்திரிகையில் ஓவியங்களைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பவர். அவருடைய இருமலுக்கு ஒரு வாடிக்கை உண்டு: இரண்டு தரம் தொண்டையைச் செருமி, கடைசியில் மூக்கால் சின்னதாக ஒரு உறுமல். கதவுக்கு அப்பாலும் அதே இரண்டு செருமல், அதே உறுமல். எதிரொலியாக இருந்தால் உடனே வந்திருக்க வேண்டும். இது, யாரோ காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தானும் செய்து பார்த்ததுபோல், ஒரு மூச்சு தாமதித்து வந்தது.

'எவனோ ஒரு கோமாளி' என்று நினைத்துக்கொண்டார். இந்த மாதிரி இடத்துக்கு வேறு யார் வருவார்கள்? எப்போதோ செத்துப்போன கப்பல் முதலாளி ஒருவர் கண்ணில் பட்ட படத்தையெல்லாம் வாங்கிக் குவித்து, வீட்டையும் தோட்டத்தையும் ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்; இப்போது அது அருங்காட்சியகம். கொழுத்த குதிரைகள், ரத்தம் கொட்டியதுபோன்ற சூரிய அஸ்தமனங்கள், நகைக்கடைப் பொம்மைகளாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். இதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்தவள் அவர் மனைவி. இன்று அவர்களுடைய இருபத்திரண்டாவது கல்யாண நாள். போனால் போகிறது என்று கூட்டி வந்திருந்தார்.

வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். "இந்த ரோஜாவைப் பாருங்களேன், எவ்வளவு அழகு!"

"அழகாம் அழகு. காலண்டர்ல போடத்தான் லாயக்கு. உனக்கு வேற என்ன புரியப்போகுது?"

அவள் ரோஜாவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்" என்று குளத்தோரப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். தொல்லை விட்டது என்றுதான் அவருக்கு இருந்தது.

அடுத்த அறைக்குள் நுழைந்தார். பியானோ இருந்தது, ஆள் இல்லை. மரத்தரையிலிருந்து மெழுகு வாசனையும், திரைச்சீலையிலிருந்து பல வருடப் புழுதியின் நெடியும் வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று, வெகுநேரம் யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த அறையின் வெதுவெதுப்பு. சுவரில் இருந்த குதிரையை ஏறிட்டுப் பார்த்து, "குப்பை" என்றார்.

"குப்பை" என்றது அதற்கடுத்த அறை.

அவருடைய குரல். ஆனால் 'ப்' கொஞ்சம் அதிகமாக அழுந்தியிருந்தது, புதிதாகப் பேசக் கற்கும் குழந்தைபோல. மறுபடியும், மெதுவாக: "குப்பை." இந்தத் தடவை பிசகே இல்லை.

விறுவிறு என்று நடந்தார். அது நூலக அறை. நீலச் சீருடை போட்ட காவல்காரப் பெண் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் யார் வந்தது?" என்று கேட்டார். தொண்டை கரகரத்தது.

"உங்களைத் தவிர யாரும் வரல சார். அஞ்சரைக்கு மூடிடுவோம்."

"நல்லா காவல் காக்கறீங்க. திருடன் வந்தா உட்கார வச்சு டீ போட்டுக் குடுப்பீங்க போல."

அவள் அடுத்த கட்டத்தை நிரப்பினாள். மணி ஐந்து பத்து. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு கோமாளிக்குப் பயந்து ஓடியதாக ஆகிவிடுமே என்று மாடி ஏறினார். ஒவ்வொரு படியும் அவர் காலடியில் ஒருமுறை முனகியது. அவர் காலை எடுத்த பிறகு இன்னொருமுறை முனகியது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். சாயங்கால வெயில் படிகளில் சாய்ந்து கிடந்தது. அவ்வளவுதான்.

மேலே முதலாளியின் படுக்கையறை. கயிற்றைத் தாண்டிப் போகக் கூடாது என்று அட்டை தொங்கியது. அதெல்லாம் சாமானிய ஜனங்களுக்கு. காலைத் தூக்கி உள்ளே வைத்து, கட்டிலுக்கு மேல் இருந்த படத்தின் அருகில் போனார்.

"அழகாம் அழகு" என்றது வராந்தாவிலிருந்து குரல்.

அதை அவர் இந்த வீட்டுக்குள் சொல்லவே இல்லை. வாசலில் சொன்னது. மனைவியிடம் சொன்னது.

"அழகாம்..." குரல் நின்றது. யோசித்தது. பிறகு இளகியது. "அழகுதாம்மா. ரொம்ப அழகு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தொனியில் அவர் பேசியதே இல்லை.

"யாரது?" என்று கத்தினார்.

உதடு அசைந்தது. நாக்கு புரண்டது. தொண்டையில் காற்று மட்டும். சத்தம் வராந்தாவில் எழுந்தது: "யாரது?"

இன்னொருமுறை கத்தினார். வராந்தா மெல்லச் சிரித்தது.

காலடி. படியிறங்கும் காலடி. அவருடைய நடை. இடது செருப்பை லேசாகத் தேய்த்து வைக்கும் அதே நடை.

அறை வாசலுக்குப் பாய்ந்தார். கயிறு குறுக்கே இருந்தது. இடுப்பளவுக் கயிறு, இப்போதுதான் தாண்டி வந்தார். கால் எழும்பவில்லை. குனிந்தார். கயிறும் தாழ்ந்தது. கொக்கியைப் பிடித்து இழுத்தார். விரல்தான் கிழிந்தது.

கீழே காவல்காரப் பெண்ணின் குரல். "பார்த்தாச்சா சார்?"

"பார்த்தாச்சுங்க. ரொம்ப அருமையா வச்சிருக்கீங்க. அப்ப ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"அய்யோ, பரவாயில்ல சார்."

ஜன்னல். ஓடினார். மேல் கண்ணாடி ஒரு விரற்கடை திறந்திருந்தது. கீழே குளம், பெஞ்ச், அவள். புல்தரையில் அவருடைய சாம்பல் நிறச் சட்டை நடந்து போனது. முதுகு மட்டும் தெரிந்தது. அவளருகில் போய்க் குனிந்து ஏதோ சொன்னது. அவள் முதலில் திகைத்தாள். அப்புறம், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

கண்ணாடியை அறைந்தார். இரண்டு கையாலும். அறைந்த சத்தம் கேட்டது.

அவள் நிமிர்ந்தாள். வெயிலுக்குக் கையைக் குடை பிடித்து, நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் புருவம் நெரிந்தது. வெறித்துப் பார்க்கும் அந்நிய ஆம்பளையைக் கண்டால் பெண்கள் முகம் சுளிப்பார்களே, அப்படிச் சுளித்தாள்.

"ஏங்க, வாங்க போயிடலாம். மாடியில எவனோ நம்மளையே முறைச்சுப் பார்க்கறான்."

சாம்பல் சட்டை மெதுவாகத் திரும்பி அண்ணாந்தது. அவருடைய மூக்கு. அவருடைய மூக்குக்கண்ணாடி. அவரை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தது. பார்க்கக்கூட லாயக்கில்லாத ஒன்றைப் பார்த்துவிட்டதுபோல் உதட்டைப் பிதுக்கியது. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். அவருடைய குரல் கீழே தோட்டத்துக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "பார்த்து வாம்மா, இங்க ஒரு படி இருக்கு."