அணிலுக்கு இரண்டே நிபந்தனை

காஞ்சிபுரத்தில் அன்னப்பறவை மொத்தம் ஒன்றுதான். அது தணிகாசலத்துக்குச் சொந்தம்.

இதைச் சொன்னவர் தணிகாசலமேதான். தன் அட்டைக் கடை வாசலில் நின்றுகொண்டு, கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொன்னார்.

"அப்போ கோயில் தூணுல இருக்குதே, அது?" என்று கேட்டாள் கலாவதி. படிப்பது ஆறாம் வகுப்பு. கேள்வி கேட்பதில் பத்தாம் வகுப்பு.

"அது கல்லும்மா. என்னது அட்டை. கல்லைத் தறியில மாட்ட முடியுமா?"

முடியாதுதான். பட்டுத்தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து அதில் தொங்கவிடுவார்கள். ஒரு மிதிக்கு ஓர் அட்டை நகரும். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை மேலே எழும்பும். இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். அட்டைகள் ஒவ்வொன்றாக நகர நகர, புடவையில் ஓர் அன்னம் கால், உடம்பு, கழுத்து என்று எழுந்து நிற்கும்.

"அடுத்தவன் போட்ட பறவையை நான் இடது கண்ணாலகூடப் பார்க்கமாட்டேன். பார்த்துப் போடறது மூளையில்லாதவன் வேலை" என்றார் தணிகாசலம், ஓர் அட்டைக் கட்டைக் கலாவதியின் அப்பாவிடம் நீட்டியபடி.

கலாவதியின் அப்பா கைலாசம், ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் புடவை நெய்தவர். அவர் வீட்டில் மட்டும் ஒரு பட்டுப் புடவைகூடக் கிடையாது. இப்போது மூத்த மகள் அம்சவேணிக்குக் கல்யாணம். முதல் தடவையாகத் தன் வீட்டுக்கு நெய்கிறார். புடவையின் உடல் முடிந்துவிட்டது. முந்தானைதான் பாக்கி. அதற்குத்தான் அன்னம்.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தார்கள். உள்ளே ஓர் அச்சடித்த காகிதம் இருந்தது. கலாவதி உரக்கப் படித்தாள்.

"நிபந்தனை ஒன்று. இந்த அட்டைகளை ஒரே ஒரு தறியில்தான் மாட்டலாம். இரண்டு. யாருக்கும் இரவல் தரக்கூடாது. மூன்று. அட்டை கெட்டுப்போனால் புதிதாக ஒன்றைச் செய்து சேர்க்கக்கூடாது. முழுக்கட்டும் மறுபடி வாங்க வேண்டும். நான்கு. கட்டைப் பிரித்தாலே இவை அனைத்துக்கும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்."

அவள் நிமிர்ந்தாள். "நைனா, காயிதம் உள்ளே இருக்குது. பிரிக்காம எப்படிப் படிக்கிறது?"

கைலாசம் யோசித்தார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் இல்லை.

"பிரிச்சுட்டோமேம்மா" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஓர் எலி வந்தது. அது எந்தக் காகிதத்தையும் படிக்கவில்லை. பசை வாசனை பிடித்து நாற்பது அட்டைகளைக் கரம்பிவிட்டுப் போய்விட்டது. எண்ணிப் பார்த்தால், சரியாக அன்னத்தின் தலை!

அப்பாவும் மகளும் கடைக்கு ஓடினார்கள்.

"தலையைத் தனியா விக்கிறதில்லைங்க" என்றார் தணிகாசலம். "முழுக்கட்டுதான். ஒரு மாசம் ஆகும்."

"கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்குதுங்க."

"மூணாவது நிபந்தனையைப் பாருங்க."

செய்தி தெருவில் பரவியது. குழாயடியில் ஒருவர் அந்தக் கடைக்கே இனிப் போகமாட்டேன் என்றார். இன்னொருவர் காகிதத்தைக் கொளுத்திவிட்டால் நிபந்தனையும் எரிந்துவிடும் என்றார். எதிர்வீட்டு மாணிக்கவாசகம் தன்னிடமிருந்த அன்னக் கட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்தாப்பா கைலாசம், மாட்டு. யாரு வந்து பார்க்கப்போறான்?"

"வேணாம்பா. உனக்கும் அந்தக் காயிதம்தானே கொடுத்திருப்பாரு? எனக்காக நீ வார்த்தை தவறணுமா?"

"அந்தாளு போட்டதெல்லாம் ஒரு வார்த்தையா?" மாணிக்கவாசகம் முணுமுணுத்துக்கொண்டே கட்டைத் திருப்பி எடுத்துப்போனார்.

அம்சவேணி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "தலையில்லாட்டி என்ன நைனா? மடிப்புல மறைச்சுக்கிறேன்" என்றாள். பிறகு கொல்லைக்குப் போய், ஏற்கெனவே துலக்கிய பாத்திரங்களை மறுபடி துலக்கினாள்.

கலாவதிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. காகிதத்தை எடுத்து நான்கு முறை படித்தாள்.

"நைனா, இதெல்லாம் அவர் அட்டைக்குத்தானே? அதைக் கழட்டிக் கட்டி வச்சுடலாம். நாமளே வேற ஒண்ணு போட்டா?"

"வேற என்னம்மா?"

கலாவதி கொல்லைப் பக்கம் பார்த்தாள். முருங்கை மரத்தில் ஓர் அணில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த நிபந்தனையும் இருப்பதாகத் தெரியவில்லை.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைய ஆரம்பித்தாள். ஒரு கட்டம் ஓர் இழை. ஒரு வரிசை ஓர் அட்டை. முதல் படத்தை அக்காவிடம் காட்டினாள்.

"எலி மாதிரி இருக்குதுடி. ஏற்கெனவே ஒரு எலி பண்ணினது போதும்" என்றாள் அம்சவேணி. ஆனால் இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

வாலைப் புசுபுசுவென்று ஆக்கினாள் கலாவதி. முதுகில் மூன்று கோடு விட்டாள். மூன்றாம் நாள், அணில் வந்துவிட்டது.

அட்டைக்கு, நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் யேசுதாஸிடம் போனார்கள்.

"கல்யாணப் புடவையில அணிலா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா கொழுகொழுன்னு போடும்மா. என்கிட்ட வெட்டின துண்டு அட்டை நிறைய இருக்குது, எடுத்துக்கோ."

கைலாசம் ஓட்டை குத்தினார். கலாவதி நோட்டைப் பார்த்து எண் சொன்னாள். அம்சவேணி கயிற்றில் கோத்தாள். எண்பது அட்டை தயாரானபோது கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது.

கைலாசம் நெய்யத் தொடங்கினார். முதலில் காது வந்தது. அடுத்து தலை, முதுகு, கடைசியில் வால்.

"நைனா!" என்று அலறினாள் கலாவதி. "தலைகீழா இருக்குது!"

ஆமாம். கல்யாணப் பெண்ணுக்கு ஆயிரம் ஞாபகம். எண்பதாவது அட்டையை முதலில் வைத்துக் கோத்துவிட்டாள். ஒரு வரிசை அணில்கள், புடவையின் அகலம் முழுக்க, தலைகீழாக நின்றன. ஜரிகை போட்டதைப் பிரிக்க நாளும் இல்லை.

அம்சவேணி முகத்தை மூடிக்கொண்டாள். கலாவதி கொல்லைக்கு ஓடினாள். மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நைனா, அணில் ஏறும்போது தலை மேலே இருக்குது. இறங்கும்போது தலை கீழேதான் இருக்குது! இது இறங்குற அணில். அடுத்த வரிசைக்கு அட்டையைத் திருப்பி ஓட்டுங்க. அது ஏறுற அணில்!"

கைலாசம் மகளைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். அட்டைகளைத் திருப்பி மாட்டினார்.

கல்யாணத்தில் தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். போட்டுவிட்டு, முந்தானையைத்தான் பார்த்தார்கள். ஒரு வரிசை அணில் ஏறியது, ஒரு வரிசை இறங்கியது. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்று அதைப் பிடிக்கப் பார்த்தது.

மறுவாரமே மாணிக்கவாசகம் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு நெசவாளர்கள்.

"அந்த அணிலைக் கொஞ்சம் கொடுப்பா."

"என்னைக் கேட்டா? சொந்தக்காரி அதோ இருக்கா" என்றார் கைலாசம்.

கலாவதி ஒரு தாளில் எழுதி, கட்டின் வெளிப்பக்கத்தில், பிரிக்காமலே படிக்கிற மாதிரி ஒட்டினாள்.

"நிபந்தனை ஒன்று. யார் வேண்டுமானாலும் நெய்யலாம், பார்த்துப் போடலாம், மாற்றலாம். இரண்டு. மாற்றினால் எனக்குக் காட்ட வேண்டும்."

அவ்வளவுதான். மூன்றாவது யோசித்துப் பார்த்தாள். வரவில்லை.

சித்திரைக்குள் அந்தத் தெருவில் நிறைய அணில்கள் ஓடின. ஒருவர் வாலைச் சுருட்டினார். ஒருவர் இரண்டு அணிலை எதிரெதிரே உட்காரவைத்தார். எல்லோரும் தாளோடு வந்து கலாவதியிடம் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் கலாவதி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வாசலில் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கட்டத்தாள் ஒன்றை எடுத்தார். தெருவை இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

பிரித்தால், உள்ளே அணில். அதன் இரண்டு கையிலும் ஒரு கொய்யாப்பழம்.

"என்னங்க இது?"

"மாத்தினா காட்டணும்னு போட்டிருக்கியேம்மா" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

கலாவதி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"பழம் ரொம்பப் பெரிசா இருக்குதுங்க. அணில் கீழே விழுந்துடும்."

தணிகாசலம் படியில் உட்கார்ந்து, அவளிடமே ரப்பர் வாங்கி, அழிக்கத் தொடங்கினார்.