ஏழாம் பெட்டுக்கு எட்டு சென்டிமீட்டர்!

"ஐயோ... என் குழந்தை எங்கே..?"

அலறல் மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டது.

பிரசவமான பெண்கள் படுத்திருக்கும் வார்டு. கடைசிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பச்சை உடம்புக்காரி ஒருத்தி. பாத்ரூமுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருந்தாள்.

பக்கத்துத் தொட்டில் காலி!

குழந்தை கிடந்த இடத்தில் சின்னப் பள்ளம் மட்டும் இருந்தது. தொட்டுப் பார்த்த நர்ஸ் உதட்டைக் கடித்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

"கேட்டை மூடச் சொல்லுங்க! எல்லா கேட்டையும்!"

கத்திக்கொண்டே ஓடி வந்தவள் ஸ்பீடு.

அது அவளுடைய பெயர் இல்லை. மகப்பேறுப் பிரிவில் மேல்படிப்பு படிக்கும் இரண்டாம் வருட டாக்டர். மற்றவர்கள் பத்துப் பேரைப் பார்ப்பதற்குள் இவள் இருபது பேரைப் பார்த்து முடித்து, குறிப்பும் எழுதிவிட்டு, கேன்டீனில் காபியும் குடித்துவிடுவாள். சீஃப் மேடமே ரவுண்ட்ஸில் வாய் நிறையப் பாராட்டி வைத்த பெயர் அது.

காணாமல் போன குழந்தையைக் காலையில் வெளியே எடுத்ததே அவள்தான். வழுக்கிக்கொண்டு வந்து அவள் கையில் விழுந்த பெண் குழந்தை. விழுந்ததும் தும்மியது. லேபர் வார்டே சிரித்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு ஒல்லி உடம்பு, புதர் மீசை. நர்ஸ்கள் உட்காரும் மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டு அதட்ட ஆரம்பித்தார்.

"வெளியே போன ஆள் யாரு?"

"யாரும் போகலை சார். கத்தினதுமே கேட்டை மூடிட்டோம்" என்றான் செக்யூரிட்டி.

"அப்ப குழந்தை கட்டடத்துக்குள்ளதான் இருக்கு. பையை எல்லாம் கொட்டுங்க!"

கொட்டினார்கள்.

பார்க்க வந்த உறவுக்காரர்களின் கூடைகள்... அழுக்குத் துணி வண்டி... கடைசியில் வார்டைப் பெருக்கும் ஆயாவின் சாப்பாட்டுப் பை.

தொட்டில் பக்கத்தில் கடைசியாகத் துடைப்பத்தோடு நின்றது அந்த ஆயாதான். அது போதுமானதாக இருந்தது. குழந்தையின் அப்பன் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"சொல்லு! யாருக்குக் குடுத்த? எவ்வளவு வாங்கின?"

"சாமி சத்தியமா நான் எடுக்கலை தம்பி... நானும் பிள்ளை பெத்தவ..."

தரையில் அவள் சாப்பாடு சிதறிக் கிடந்தது. சுற்றி நின்ற அத்தனை கண்களும் அவளைத் திருடியாகவே பார்த்தன. ஆயா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் மீசையை நீவினார்.

"இந்த மாடியில இன்னும் யார் யார் இருக்காங்க?"

"லேபர் வார்டுல ஒரே ஒரு பேஷன்ட்தான். ஏழாம் பெட்" என்றாள் சிஸ்டர்.

"அவங்களை விசாரிச்சாச்சா?"

சீஃப் மேடம் குறுக்கிட்டார். வெள்ளைக் கோட்டில் சுருக்கம் கிடையாது. குரலிலும் கிடையாது.

"இன்ஸ்பெக்டர், அது வலியில துடிச்சிட்டு இருக்கிற பொண்ணு. எட்டு சென்டிமீட்டர். கர்ப்பப்பை வாய் பத்து வரைக்கும் திறந்தா குழந்தை வந்துடும். எழுந்து நிக்கிறதே கஷ்டம். திருடப் போறாளா?"

"கோச்சுக்காதீங்க மேடம். யார் பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. நாளைக்கு மேலதிகாரி என்னைத்தான் குடைவாரு."

"காலைல அட்மிஷன்ல பார்த்தது இவ."

எல்லோரும் ஸ்பீடைப் பார்த்தார்கள்.

"ஆ... ஆமா சார். மூணு சென்டிமீட்டர். குழந்தையோட இதயத்துடிப்பு நூத்தி நாப்பது" என்றாள்.

"அப்புறம் நான் பார்த்தேன். அஞ்சு" என்றாள் மூன்றாம் வருட சீனியர்.

"கடைசியா நான். எட்டு. தலை நல்லா கீழ இறங்கியிருக்கு" என்றார் சீஃப்.

"மூணு டாக்டர் பார்த்தாச்சு. அப்புறம் என்ன? அவங்களை விட்டுடலாம். அந்த ஆயாவை ஜீப்புல ஏத்துங்க!"

ஸ்பீடு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏனென்றால்...

ஏழாம் பெட்டை அவள் பார்க்கவே இல்லை!

காலையில் அந்தப் பெண் வந்து இறங்கிய அதே நேரத்தில்தான் ரத்தப்போக்கோடு இன்னொருத்தியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்பீடு கையுறையை மாட்டிக்கொண்டு ஏழாம் பெட்டிடம் போனாள். அந்தப் பெண் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். கூச்சம், பயம், அழுகை. ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினாள். அதற்குள் சீனியர் கத்தினாள்.

"ஏய் ஸ்பீடு! இங்க ரத்தம் கொட்டுது, அங்க என்னடி கொஞ்சிட்டு இருக்க?"

ஓடினாள். திரும்பி வந்தபோது ரவுண்ட்ஸ் தொடங்கியிருந்தது. சீஃப் கேட்டார். "ஏழாம் பெட்?"

'இன்னும் பார்க்கலை மேடம்.'

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் ஸ்பீடு எப்படி ஸ்பீடாக இருக்க முடியும்? "மூணு மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதயத்துடிப்பையும் கூடவே சேர்த்துக்கொண்டது. நூற்று நாற்பது என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

இந்த வித்தையைச் சேர்ந்த புதிதில் கற்றுக் கொடுத்ததே சீனியர்தான். "நேரமில்லைன்னா மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கோடி. பாதிப் பேருக்குப் புத்தகத்துல போட்ட மாதிரியேதான் நடக்கும்." மூன்று வருடப் படிப்பில் ஸ்பீடு சீக்கிரமாகத் தேறிய பாடம் அது.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்தது.

'அதான் சீனியர் அக்கா பார்த்திருக்காங்களே... சீஃப்பே பார்த்திருக்காங்களே... என்னோட மூணு குருட்டு அடின்னாலும் சரியாத்தானே விழுந்திருக்கு?'

அப்போது லேபர் வார்டுக் கதவு திறந்தது.

சக்கர நாற்காலி ஒன்று வந்தது. அதில் ஏழாம் பெட். பெரிய வயிறு. அதன்மேல் போர்வை. நாற்காலியைத் தள்ளி வந்தவன் அவள் புருஷன். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது.

"மேடம், நாங்க கிளம்பறோம். குழந்தை திருட்டுப் போற இடத்துல என் பொண்டாட்டி பெத்துக்க வேண்டாம். இவளும் ஒரே பிடிவாதம். அவங்க அம்மா வீட்டுக்கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிடறோம்."

"வழியிலயே பொறந்துடும்ப்பா!" என்றார் சீஃப்.

"பரவாயில்லைங்க. கார் வந்தாச்சு."

"அம்மா... வலிக்குதே..." ஏழாம் பெட் முனகினாள்.

இன்ஸ்பெக்டர் பதறி வழிவிட்டார். "அட, விடுங்கய்யா! கேட்டுல சொல்லி அனுப்புங்க, யாரும் தடுக்க வேண்டாம்னு. பாவம், பிள்ளைத்தாச்சி!"

"ஸ்பீடு, லிஃப்ட் வரைக்கும் கூடப் போ" என்றார் சீஃப்.

போனாள். லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். சும்மா திரும்பிப் பார்த்தாள்.

பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

ஏழாம் பெட் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து, இரண்டு பக்கமும் சமமாக, சினிமா பார்க்க வந்தவளைப் போல.

எட்டு சென்டிமீட்டரில் தலை இறங்கிய பெண் அப்படி உட்காரவே மாட்டாள். உட்கார முடியாது! ஒரு பக்க இடுப்பைத் தூக்கிக்கொண்டு சாய்வாள், இல்லையென்றால் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நிற்பாள். இரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான பெண்களை அந்த நாற்காலியில் தள்ளியிருக்கிறாள் ஸ்பீடு. ஒருத்திகூட இப்படி உட்கார்ந்ததில்லை.

லிஃப்ட் வந்தது. நாற்காலி உள்ளே போனது.

'சீஃப் பார்த்திருக்காங்க. சீஃப் பொய் சொல்லமாட்டாங்க. நீதான் பொய் சொன்னவ. வாயை மூடிட்டு நில்லு.'

கதவு மூடத் தொடங்கியது...

பின்னால் ஆயாவின் அழுகை கேட்டது. கான்ஸ்டபிள் அவளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தார்.

ஸ்பீடு காலை நீட்டினாள்! கதவு அவள் செருப்பில் மோதித் திறந்துகொண்டது.

"ஒரு நிமிஷம். நான் ஒரு தடவை செக் பண்ணிடறேன்."

"எதுக்குங்க? அதான் மூணு பேர் பார்த்துட்டீங்களே!" எகிறினான் புருஷன்.

சத்தம் கேட்டு சீனியர் ஓடி வந்தாள். பின்னாலேயே சீஃப், இன்ஸ்பெக்டர், குழந்தையைத் தொலைத்த அம்மா, அப்பா, வார்டே திரண்டு வந்தது.

"என்னடி பண்ற? அவங்களை விடு!"

"அக்கா, ஒரே ஒரு தடவை..."

"காலைல நீயே பார்த்துட்டு இப்ப என்ன புதுசா?"

காரணம் சொல்லாமல் தொட விடமாட்டார்கள். காரணத்தைச் சொன்னால் படிப்பு போகும். பேர் போகும். அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரியும் 'என் பொண்ணு டாக்டர்' போகும்.

பச்சை உடம்புக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்... பார்க்கலை" என்றாள்.

"என்னது?"

"ஏழாம் பெட்டை நான் பார்க்கவே இல்லை மேடம்! மூணுன்னு சொன்னது பொய். இதயத்துடிப்பும் பொய். தொடக்கூட இல்லை!"

முகம் எரிந்தது. காது மடல் எரிந்தது. இத்தனை பேர் முன்னால் துணி இல்லாமல் நிற்பது போல இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. குனிந்து, போர்வையை விலக்கி, அந்த வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

வயிறு தும்மியது!

அடுத்த விநாடி வீறிட்டு அழுதது!

"எ... எனக்குக் குழந்தை பொறந்துடுச்சா?" என்று புருஷன் பேந்தப் பேந்த விழித்தான். பாவம், அவனுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது.

சிஸ்டர் நைட்டியின் பட்டனைக் கழற்றினாள். அடிவயிற்றோடு சேர்த்துக் கட்டிய துணித்தூளி. அதற்குள் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தது காலையில் பிறந்த பெண் குழந்தை.

பெற்றவள் பாய்ந்து வாரிக்கொண்டாள்.

ஏழாம் பெட் முனகுவதை நிறுத்தியிருந்தாள். தலை குனிந்தபடி மெல்லப் பேசினாள். புருஷனிடம் இல்லை, ஸ்பீடிடம்.

"மாமியார் பேச்சு தாங்கலை டாக்டரம்மா. மாசமா இருக்கேன்னு ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் மாசா மாசம் அதை வளர்த்தாகணுமே... துணி வெச்சேன், தலையணை வெச்சேன். இன்னொருத்தியோட ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாங்கி வெச்சுக்கிட்டேன். இங்க வந்தா மாட்டிக்குவேன்னுதான் நெனச்சேன். நீங்க மூணுன்னு சொன்னீங்க. அந்த டாக்டர் அஞ்சுன்னாங்க. காரிடார்ல நடன்னு வேற சொன்னாங்க. நடந்தேன். தொட்டில் பக்கத்துல யாரும் இல்லை..."

ஏழாம் பெட் மாதா மாதம் வளர்த்த பொய்யை ஸ்பீடு மணிக்கணக்கில் வளர்த்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் விலங்கு மாட்டப்போவது ஏழாம் பெட்டின் கையில் மட்டும்தான். அந்த நினைப்பில் ஸ்பீடு கூனிக் குறுகிப் போனாள்.

சுவரோரம் போய் ஆயாவின் முன்னால் குனிந்து, சிதறிக் கிடந்த சாப்பாட்டைக் கையாலேயே அள்ள ஆரம்பித்தாள்.

"விடும்மா, நீ டாக்டரு... நான் பெருக்கிக்கிறேன்" என்றாள் ஆயா. அது அடித்ததைவிட வலித்தது.

சீஃப் மேடத்தின் குரல் இடி போல இறங்கியது.

"எழுந்திரு! ரவுண்ட்ஸ்ல என்கிட்டயே பொய் சொல்லியிருக்க! தொடாமலே மூணுன்னு சொல்ல உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும்! நாளைல இருந்து இந்த டிபார்ட்மென்ட் வாசப்படியை நீ மிதிக்கக் கூடாது!"

"சரி மேடம்" என்றாள் ஸ்பீடு. நிமிரவில்லை.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"மேடம்... ஒரு சின்ன சந்தேகம்."

"என்ன?"

"இவங்க பார்க்கலை, சரி. ஒத்துக்கிட்டாங்க. இவங்களுக்கு அப்புறம் அஞ்சுன்னு பார்த்தது யாரு?"

சீனியரின் முகம் வெளிறியது.

"நான்... ஸ்பீடு மூணுன்னு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு... கிட்டப் போனேன். 'இப்பத்தான் டாக்டர் பார்த்துட்டுப் போனாங்க'ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. ரெண்டு மணி நேரம் ஆயிருந்தது. ரெண்டு கூட்டிட்டேன்..."

"பேஷ். அதுக்கப்புறம் எட்டுன்னு பார்த்தது?"

இன்ஸ்பெக்டர் மூன்றாவது விரலை மடக்கினார்.

"தலை நல்லா கீழ இறங்கியிருக்குன்னு சொன்னது?"

அத்தனை கண்களும் மெல்லத் திரும்பின. சுருக்கமே இல்லாத வெள்ளைக் கோட்டு ஒரு அடி பின்வாங்கியது. சீஃப் மேடம் முப்பது வருட சர்வீஸில் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார்.

கான்ஸ்டபிள் ஓடி வந்து சல்யூட் அடித்தார். கையில் லேபர் வார்டு பாத்ரூமில் கண்டெடுத்த தலையணை, காலையில் ஏழாம் பெட்டின் வயிறாக வந்து இறங்கியது.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கினார். தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதில் வைத்துக்கூடக் கேட்டார்.

"மூணு டாக்டரும் இவ்வளவு அக்கறையா கவனிச்சிருக்கீங்க மேடம்... நாங்க மட்டும் நடுவுல புகுந்து கெடுக்கலைன்னா, இந்நேரம் இதுக்குச் சுகப்பிரசவமே ஆகியிருக்கும்!"