தோர்ன்மியர் பட்டம் இப்போது யாருடையது?

கறுப்பு உடை இருந்த அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே துப்பறிவாளர் கிராக்ஸ்டனின் மேசைமேல் வைத்துவிட்டு லேடி தோர்ன்மியர் உட்கார்ந்தாள்.

"இதைப் போட்டுக்கச் சொல்றாங்க, மிஸ்டர் கிராக்ஸ்டன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவருக்காகப் பிரார்த்தனையாம். உடம்பே கிடைக்கலை. நான் விதவையா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அவள் கணவர், தோர்ன்மியர் ஏர்ல் என்ற பட்டம் கொண்ட பிரபு, லண்டனிலிருந்து திரும்பிய சில நாட்களில் ஏரியில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே படகு கவிழ்ந்து கிடந்தது. ஊரே தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தது. ஏர்லின் தம்பி ஜெரால்ட் வந்து வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"மூத்தவனுக்கு இனிமே அவர்தான் கார்டியனாம். ஸ்காட்லாந்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாராம். கைக்குழந்தையை மட்டும் என்கிட்ட விட்டுடுவாராம்."

கிராக்ஸ்டனின் தங்கை மில்லி அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தாள். "தம்பிக்காரன்தான் அண்ணே. கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"முதல்ல வண்டியில ஏறு. தூக்குல அப்புறம் போடலாம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதிய உணவு நேரம். துக்கம் கேட்க, ஏர்லுக்கு ஒரு படி கீழான பிரபுவான பக்கத்து ஊர் வைகவுண்டின் மூத்த மகனும் வந்திருந்தார். சாப்பாட்டு அறை வாசலில் ஜெரால்ட் முந்தப் பார்த்தார். வீட்டின் தலைமைப் பணியாள் பிளென்கின் அரை அடி நகர்ந்து குறுக்கே நின்றார்.

"மன்னிக்கணும் ஐயா. வைகவுண்டோட மூத்த பிள்ளை முன்னாடி. பழைய ஏர்லோட இளைய பிள்ளை நீங்க, அதுக்கு அடுத்து."

"எழவு வீட்டுலகூடவா பிளென்கின்?"

"எந்த வீட்டுலயும் ஐயா."

சாப்பிடும்போது ஜெரால்ட் ஏர்லின் மூத்த மகனை, ஏழு வயதுப் பையனை, அதட்டினார். "தோர்ன்மியர், நிமிர்ந்து உட்கார்."

பையன் திரும்பவே இல்லை.

"உன்னைத்தான்டா."

"அது அப்பா பேரு, சித்தப்பா."

பிளென்கின் பையன் பக்கம் குனிந்து, "ரென்விக் பிரபுவுக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைக்கட்டுமா?" என்றார். தட்டை நீட்டிய அவர் கை சிவந்து, தோல் உரிந்திருந்தது. கிருமி கொல்லும் கார்பாலிக் சோப்பு வாடை கிராக்ஸ்டனின் மூக்குவரை வந்தது.

மில்லி சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். "தினமும் பார்லிக் கஞ்சி காணாமப் போகுதுன்னு சமையல்காரம்மா புலம்புறாங்க. ஜெரால்டுக்கு வயிறு சரியில்லையோ?"

"ரெண்டு தட்டு ஆட்டுக்கறி உள்ள போனதை நீ பார்க்கலையா?"

கிராக்ஸ்டன் எல்லாரையும் நூலக அறைக்கு வரச் சொன்னார். வழியில் ஒரு ஆளை டாக்டரிடம் அனுப்பினார்.

"என் தங்கச்சி உங்கமேல சந்தேகப்பட்டா, மிஸ்டர் ஜெரால்ட். ஆனா நீங்க நெசமாவே அண்ணன் செத்துட்டார்னுதான் நம்புறீங்க. அதனாலதான் பையனைத் தோர்ன்மியர்னு கூப்பிட்டீங்க. ஏர்ல் இருக்கிற வரைக்கும் மூத்த பிள்ளைக்குக் குடும்பத்தோட ரெண்டாவது பட்டம், ரென்விக். ஏர்லோட மூச்சு நின்ன அந்த நிமிஷமே பையன்தான் தோர்ன்மியர். இது இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்ச கதைதானே. அதுக்கென்ன இப்போ?" என்றார் ஜெரால்ட்.

"துக்க வீட்டுலகூட யார் முன்னாடி போகணும்னு பார்க்கிற மனுஷன் பிளென்கின். பட்டத்துல அவருக்குத் தப்பு வராது. அப்படிப்பட்டவர் பையனை இன்னும் ரென்விக் பிரபுங்கிறார். கஞ்சி தினமும் வெளியே போகுது. கை தேயத் தேய கார்பாலிக் போட்டுக் கழுவியிருக்கார். ஏர்ல் உயிரோட இருக்கார். ஒட்டுற வியாதி. லண்டன்ல இப்போ பெரியம்மை. என்ன பிளென்கின், சரிதானா?"

பிளென்கின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கரைக் குடிசையில இருக்கார். உடம்பெல்லாம் கொப்புளம். அம்மாவுக்குத் தெரிஞ்சா ஓடி வந்துடுவாங்க, கைக்குழந்தைக்கு ஒட்டிக்கும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். லண்டன் போயிருக்கார்னு சொல்லச் சொன்னார். அவர் சரியா கட்டாம விட்ட படகு போய்க் கவுந்து கிடந்ததும் எந்தப் பொய்யும் எடுபடலை. இங்க நடக்கிறது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அவர் எழுந்து வந்துடுவார்."

"நான் அழுததை எல்லாம் பார்த்துக்கிட்டே நின்னீங்களா, பிளென்கின்?"

"பார்க்க முடியாமத்தான் அம்மா, சமையலறைப் பக்கமே கிடந்தேன்."

டாக்டர் முதல் படகில் போனார். லேடி தோர்ன்மியரும் பிளென்கினும், கிராக்ஸ்டனும் மில்லியும் வந்த இரண்டாவது படகு கரைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. குடிசைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. டாக்டர் வாசலுக்கு வந்தார்.

"சின்னம்மை. வெறும் சின்னம்மை. புள்ளைங்களுக்கு வர்றது."

அவருக்குப் பின்னால், போர்வையைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் புள்ளியோடு ஏர்ல் எட்டிப் பார்த்தார். "எலினர், அங்கேயே நில்லு. உனக்கும் ஒட்டிக்கும்."

"எனக்கு அது சின்ன வயசுலேயே வந்துபோயிடுச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?"

சொல்லிக்கொண்டே அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடிசையைப் பார்த்து நடந்தாள். பிளென்கின் மட்டும், மரியாதைக்கு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.