பதினோரு கிலோ ஒருவேளை

அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது. எதைச் செய்வதென்றாலும் முதலில் ஒரு பட்டியல் போட்டுவிட்டுத்தான் செய்வாள். குளிக்கப் போகும்போதுகூட சோப்பு, துண்டு, மாற்றுடை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் போவாள். அதனால் வீட்டில் அவளைப் பட்டியல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் தெருவுக்கும் பரவிவிட்டது.

பட்டியல் போட்டு முடித்த பிறகும் அவளுக்கு நிம்மதி வராது. எதையோ விட்டுவிட்டோம் என்று தோன்றும். மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பாள்.

அவளுடைய அப்பா கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு சுழல் நாற்காலி. அவ்வளவுதான் ஸ்டுடியோ. காலையிலிருந்து மாலைவரை பாஸ்போர்ட் படம்.

"நேரா பாருங்க. மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க. காது தெரியணும். சிரிக்காதீங்க."

இந்த நான்கையும் அவர் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வார். தூக்கத்திலும் சொல்கிறார் என்று அம்மா கேலி செய்வார்.

அப்படிப்பட்ட அப்பாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஸ்டுடியோக்காரர்கள் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறார்கள். நான்கு நாள் தெருத்தெருவாக நடந்து படம் எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் கண்காட்சி. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அம்மாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்காது. ஆகவே பட்டியலுக்கு யோகம் அடித்தது.

அந்த நகரத்தில் தெரு நடுவே டிராம் ஓடுமாம். பட்டியல் டிராமைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். டிராமில் ஏறப்போவதாக வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, கணக்கு டீச்சர் உட்பட.

புதன்கிழமை மாலை அப்பா கேமராப் பையை நிரப்பினார். நிரப்பிக்கொண்டே இருந்தார். பட்டியல் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். பெரிய கேமரா. சின்ன கேமரா. தண்ணீர் பாட்டில் அளவுக்கு ஒரு நீள லென்ஸ். அப்புறம் இன்னும் நான்கு லென்ஸ். இரண்டு ஃபிளாஷ். ட்ரைபாட். வெள்ளைக் குடை. வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளி நிறத் தட்டி.

அம்மா வேலை பார்ப்பது பார்சல் ஆபீசில். நாள் முழுக்க எடை போட்டுப் போட்டு, கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். அவர் பையை ஒரு தடவை தூக்கினார். "பதினொண்ணு நானூறு" என்றார்.

தராசில் வைத்துப் பார்த்தார்கள். பதினோரு கிலோ நானூறு கிராம்.

"விமானத்துல கையோட ஏழு கிலோதான் விடுவாங்க. இதை எப்படிங்க கொண்டுபோவீங்க?"

"பெரிய பெட்டியில போட்டா லென்ஸ் உடைஞ்சிடும்."

"அப்ப நீங்க உடைஞ்சா பரவாயில்லையா? தோள்ல மாட்டிப் பாருங்க."

மறுநாள் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டுப் பை வைத்த ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். லென்ஸ் எல்லாம் கோட்டுக்குள் போயின. நீள லென்ஸ் உள்பைக்குள் போனதும் அவர் கை மடங்காமல் போய்விட்டது.

"பையைத்தானே எடை போடுவாங்க? என்னையா எடை போடுவாங்க?" என்று பெருமையாகக் கேட்டார்.

"சரி, உக்காருங்க பார்க்கலாம்" என்றார் அம்மா.

அப்பா பாதி உட்கார்ந்தார். மீதி உட்கார முடியவில்லை.

"எட்டு மணி நேரம் இப்படியே பறப்பீங்களா?"

அப்பா கோட்டைக் கழற்றினார்.

அன்று மாலை பட்டியல் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, ஒவ்வொண்ணா கேக்கறேன். எதுக்குன்னு சொல்லுங்க. தேவையில்லாததை எடுத்துடலாம்."

"கேளு."

"குடை எதுக்கு?"

"ஒருவேளை வெளிச்சம் சரியில்லன்னா?"

"ரெண்டாவது ஃபிளாஷ்?"

"ஒருவேளை முதல் ஃபிளாஷ் மக்கர் பண்ணினா?"

"நீள லென்ஸ்?"

"ஒருவேளை ஏதாவது ரொம்பத் தூரத்துல இருந்தா?"

"கிட்டப் போகக் கூடாதாப்பா?"

அப்பா கூரையைப் பார்த்தார். பட்டியல் எழுதி முடித்துவிட்டு எண்ணினாள். இருபத்து மூன்று பொருள். பத்தொன்பதுக்கு எதிரே 'ஒருவேளை' என்று இருந்தது. எதையும் எடுக்க முடியவில்லை. தன் கேள்விதான் தப்போ என்று அவளுக்குத் தோன்றியது. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அப்பா பேசுவது கேட்டது.

"பேசாம வரலன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். நாளைக்கு சாயந்தரம் ஆறு மணிக்குள்ள செயலாளர்கிட்ட முடிவு சொல்லணும்."

"ஏங்க?"

"சாமான் இல்லாம போய் என்ன பண்றது? மத்தவங்க எல்லாம் நல்லா எடுப்பாங்க. நான் கண்காட்சியில வெறுஞ்சுவரைத்தான் மாட்டணும்."

அம்மா எதையோ சொன்னார். குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை. பட்டியல் வாய் நிறைய நுரையோடு நின்றாள். டிராம் கிளம்பி, அவளை ஏற்றாமலே தெருமுனையைத் திரும்புவது போல இருந்தது.

பள்ளியில் முழு நாளும் யோசித்தாள். மாலையில் அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு சாயந்தரம் ஒரு ஒத்திகை பார்க்கலாம்ப்பா. எல்லா சாமானும் எடுத்துக்கோங்க. நம்ம கடைத்தெருதான் அந்த ஊர்னு நெனச்சுக்கோங்க. எது தேவைப்படுதோ அதுக்கு மட்டும் நான் டிக் போடறேன்."

"அந்த ஊர்ல நம்ம சலூன் இருக்குமா?"

"முடி எல்லா ஊர்லயும்தான் வளரும்."

அப்பா லேசாகச் சிரித்தார். "சரி, வா."

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒத்திகை தொடங்கியது. அப்பா பையைச் சுமந்துகொண்டு ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்தார். பட்டியல் நோட்டோடு பின்னால் போனாள்.

ஒரு ஸ்கூட்டர் இருக்கையில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. முதுகில் வெயில் தங்க நிறமாக விழுந்திருந்தது.

"அசையாம இரு" என்று அப்பா பூனையிடம் கிசுகிசுத்தார். மூன்று ஜிப்பைத் திறந்து நீள லென்ஸை எடுத்துப் பெரிய கேமராவில் மாட்டிக் குறி பார்த்தார். அழுத்தினார். கேமரா படம் எடுக்கவில்லை. மெமரி கார்டு ஸ்டுடியோக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

பதினோரு கிலோ நானூறு கிராமில் அந்த ஒரு கிராம்தான் இல்லை.

ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் பூனை எழுந்து, சோம்பல் முறித்து, வேறு வேலையாகப் போய்விட்டது.

அடுத்து சாவிக்காரர். அவர் தன் சின்னப் பெட்டிக் கடையில் குனிந்து சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பித்தளைப் பொடி வெயிலில் மின்னியது. அப்பா நீள லென்ஸைத் தூக்கினார். சாவிக்காரர் நிமிர்ந்தார். சாவியைக் கீழே வைத்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"காது தெரியுதாண்ணே?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்கதான் படம் எடுக்க வந்தீங்க. எத்தனை காப்பி வரும்?"

பழக்கடை அக்கா யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டு மோவாயை இறக்கினார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். தெருவில் அப்பாவிடம் பாஸ்போர்ட் படம் எடுக்காத ஆளே கிடையாது. அவர் கேமராவைத் தூக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பட்டியலின் நோட்டில் ஒரு டிக்கூட விழவில்லை.

சலூன் வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. அப்பா பையை இறக்கி வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி.

"பார்த்தியாம்மா? நமக்கு இது வராது. போன் பண்ணிடறேன்."

பட்டியல் நோட்டை மூடினாள். "அந்த ஊர்ல வருமேப்பா."

"ஸ்டுடியோவுல வெளிச்சம் எங்கேருந்து வரும்னு எனக்குத் தெரியும். நாற்காலி எங்க இருக்கும்னு தெரியும். அங்க போனா எனக்கு ஒண்ணுமே தெரியாது. எதையாவது விட்டுட்டுப் போய் நின்னா? அதான் எல்லாத்தையும் எடுத்து வச்சேன்."

பட்டியல் அவரைப் பார்த்தாள். இப்படி நினைப்பவள் தான் ஒருத்திதான் என்று இதுவரை எண்ணியிருந்தாள்.

அவள் நோட்டைக் கீழே வைத்தாள். பையைத் திறந்தாள். சின்ன கேமராவை எடுத்தாள். இருப்பதிலேயே குட்டியான லென்ஸை, ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், எடுத்து நீட்டினாள். அப்பா மாட்டிக் கொடுத்தார். கார்டு இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். கேமராவை அவர் மடியில் வைத்தாள். பெரிய பையை இழுத்துக்கொண்டுபோய் சலூனுக்குள் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள்.

"பத்து நிமிஷம் படமே எடுக்காதீங்க. சும்மா உக்காருங்க. அப்புறம் போன் பண்ணிக்கலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

இருவரும் உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு நிமிடம் சாவிக்காரர் நேராகவே உட்கார்ந்திருந்தார். பிறகு தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு மேல் பட்டனைக் கழற்றினார். பழக்கடை அக்கா ஆரஞ்சுகளை அடுக்க ஆரம்பித்தார். சலூன்காரர் வெளியே வந்து, "என்னண்ணே, முடி வெட்டணுமா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, சும்மா உக்காந்திருக்கோம்."

"உக்காருங்க, உக்காருங்க. சும்மா உக்கார்றதுக்கு நம்ம கடையில வரிசை கிடையாது."

பத்து நிமிடம் ஆனது. அப்பா எழுந்திருக்கவில்லை. பதினொன்றாவது நிமிடம் பழக்கடை அக்கா, "பிடிங்க" என்று ஒரு ஆரஞ்சை எதிரே எறிந்தார். சாவிக்காரர் இரண்டு கையையும் விரித்து எம்பினார். மடியிலிருந்த கேமரா எப்போது அப்பாவின் கண்ணுக்குப் போனது என்று பட்டியல் பார்க்கவே இல்லை. 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது.

சலூன்காரர் வாசலில் வெள்ளைத் துணியை உதறினார். முடித்துகள்கள் வெயிலில் பறந்தன. அவர் தும்மினார். க்ளிக்.

பூனை திரும்பி வந்து, அதே ஸ்கூட்டரில் ஏறி, அதே இடத்தில் படுத்தது. க்ளிக்.

அப்பா திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சாவிக்காரர் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருந்தார். வாய் முழுக்கச் சிரிப்பு. காது தெரியவே இல்லை.

"யாருமே விறைப்பா இல்ல" என்றார் அப்பா மெதுவாக.

"நீங்க போட்டோக்காரர்ங்கறதை மறக்க இவங்களுக்குப் பத்து நிமிஷம் ஆச்சுப்பா." பட்டியல் கொஞ்சம் தயங்கினாள். சொல்வது சரிதானா என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அங்க அந்தப் பத்து நிமிஷமும் தேவையில்ல. அங்கதான் உங்களை யாருக்குமே தெரியாதே."

அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் தெருவைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். அப்போது ஆறு மணிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

"செயலாளர் சாரா? நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவே நோட்டை வாங்கி, வேண்டாததை ஒவ்வொன்றாக அடித்தார். குடை போனது. தட்டி போனது. நீள லென்ஸை அடிக்கும்போது மட்டும் பென்சில் ஒரு நொடி நின்றது. கடைசியில் சின்ன கேமரா, எலுமிச்சை லென்ஸ், இரண்டு பேட்டரி, சார்ஜர், லென்ஸ் துடைக்கும் துணி ஆகியவை மிஞ்சின. கார்டு மூன்று. மழை வந்தால் கேமராவைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் உறை.

அம்மா பையைத் தூக்கினார். "ரெண்டு கிலோகூட வராது. இதைத் தூக்கிக்கிட்டு நீங்க டிராம் பின்னாலயே ஓடலாம்."

பிறகு, மூலையில் இருந்த பட்டியலின் பையையும் தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"ஒன்பது" என்றார்.

அப்பாவும் அம்மாவும் பட்டியலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பையைத் திறந்தார்கள். நான்கு நோட்டு. பதினோரு பென்சில். ஒரு குடை, அது போதாதென்று ஒரு மழைக்கோட்டு. டார்ச். அகராதி. பூட்டு. அடியில் சுருட்டி வைத்த ஒரு தடித்த கயிறு.

அப்பா நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகத்தை ஸ்டுடியோ முகமாக மாற்றிக்கொண்டார்.

"நேரா பாரு. சிரிக்கக் கூடாது. கயிறு எதுக்கு?"

பட்டியல் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

"ஒருவேளை டிராம் நடுவழியில நின்னுபோச்சுன்னா இழுக்கணுமேப்பா?"

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பென்சிலைக் கூர் சீவி, கயிறு என்று குறித்து, அதற்கு எதிரே நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'ஒருவேளை'.