எதிலும் சேராத பதினொன்று

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பாலங்கள் துறையின் ஆவணக் காப்பகத்தில், ரத்தாகாத சோதனை அறிக்கைகள் கைப்பட்டியலின்படி 435. மென்பொருள்காரர் ஒருவர் புதிதாக அமைத்த தேடல் திரையில் வந்தவை 424.

காணாமல் போன பதினொன்றையும் அழித்தது காப்பாளர்தான் என்று இயக்குநர் முடிவு கட்டிவிட்டார். பணி இடைநீக்கக் கடிதம் மேசைமேல் கிடந்தது; மாலை நான்கு மணிக்கு அமலுக்கு வரும். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தாளைக்கூடத் தொலைக்காதவர் காப்பாளர். அவர் அழவில்லை, துப்பறிவாளரை வரவழைத்தார்.

வந்தவர் நரைத்த தலையும் நிதானமான பேச்சும் கொண்ட பெண்மணி. கூடவே உதவிக்கு அவருடைய கொழுந்தன். நாற்பது வயதாகியும் துள்ளல் அடங்காதவர்.

"அண்ணி, இது அந்த மென்பொருள்காரர் வேலைதான். முழியே சரியில்ல."

"முழிய வச்சுப் பிடிக்கிறதா இருந்தா மொதல்ல உன்னத்தான் பிடிக்கணும். சும்மா இரு."

துப்பறிவாளர் மென்பொருள்காரரிடம் திரும்பினார். "தேடலுக்கு என்ன நிபந்தனை குடுத்தீங்க?"

"நிலைங்கிற கட்டத்துல இருக்கிறது 'ரத்து'க்குச் சமமில்லன்னா வரணும். அவ்வளவுதான் மேடம்."

"அதைச் 'சமம்'னு மாத்துங்க."

திரையில் 205 என்று வந்தது.

"இப்போ நிபந்தனையே வேண்டாம். மொத்தம் எத்தனை?"

640. கைப்பட்டியலின் மொத்தமும் அதுவே. காப்பாளர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். 424-உம் 205-உம் சேர்ந்தால் 629தான்.

"அழிச்சிருந்தா மொத்தமே குறைஞ்சிருக்கும்," என்றார் துப்பறிவாளர். "பதினொண்ணும் உள்ளேதான் இருக்கு. ரத்துன்னு கேட்டாலும் வரல, ரத்தில்லன்னு கேட்டாலும் வரல. அப்போ அந்தக் கட்டத்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணுமே இருக்காது!" என்று குதித்தார் கொழுந்தன்.

"இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொன்ன. ஒப்பிடணும்னா அங்க ஏதாவது இருக்கணும். காலிக் கட்டத்தை இந்தத் தேடல் எதோடயும் ஒப்பிடாது, தாண்டிப் போயிடும்."

அருகில் நின்ற இயக்குநர் சீறினார். "அதை யாரு காலியா விட்டது?"

"நான்தான்," என்று காப்பாளர் எழுந்து நின்றார். "ரெண்டு பொறியாளர் கையெழுத்தும் விழாம நான் நிலையை எழுத மாட்டேன் சார். ஒருத்தர் பேச்சை நம்பி, பாலம் நல்லாயிருக்குன்னு எப்படி எழுதறது?"

"அப்போ ரெண்டாம் கையெழுத்து விழாத பாலங்கதான் நம்ம கண்ணுல படாமப் போச்சா?" இயக்குநரின் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா. மொதல்ல கண்ணுல பட வேண்டியதே அதுங்கதான்," என்றார் துப்பறிவாளர். "இவங்க போனாப் போகுதுன்னு எதையாவது நிரப்பியிருந்தா, உங்க கணக்கு சரியா வந்திருக்கும். யாரும் தேடியிருக்க மாட்டீங்க."

காப்பாளர் உட்காரவில்லை. இயக்குநரை நேராகப் பார்த்தபடியே நின்றார்.

மென்பொருள்காரர் நிபந்தனையில் 'அல்லது நிலை காலியாக இருந்தால்' என்று சேர்த்தார். 435 வந்தது. பிற்பகல் இரண்டு நாற்பதுக்குக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வாரம் பதினொரு பாலங்களுக்கும் இரண்டாம் பொறியாளர் போனார். இரண்டு பாலங்களில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.