ஜன்னல் உள்ள அறை

“திரை ஆடுதே மச்சான், அங்க மழையா?” என்று வீடியோவில் மனைவி ஷபானா கேட்டபோது, யாசர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆமா, நல்ல காத்து” என்று சொல்லிவிட்டான்.

காற்றாவது, மழையாவது. அந்த அறையில் ஜன்னலே கிடையாது. சிங்கப்பூரின் புது அடுக்குமாடி வீடுகளில், குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளவென்று கட்டிவிடுகிற அறை அது. கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டு விழாத நாட்களில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் பெருநாளைக்குப் பிரியாணி ஆக்க எடுக்கும் பெரிய தேக்சாவும் அதில் கிடக்கும். செங்காங் வீட்டுக்கார ரபியா அக்கா அவற்றை ஓரங்கட்டி, ஒரு மெத்தையைப் போட்டு, குறைந்த வாடகைக்கு அவனுக்குக் கொடுத்திருந்தார். “யாராச்சும் கேட்டா ஸ்டோர் ரூம்னு சொல்லிடுங்க லா” என்றும் சொல்லியிருந்தார்.

யாசர் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. புது வேலையில் பாதிச் சம்பளம். கிளமெண்டியில் அதுவரை இருந்த பத்தாவது மாடி அறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதிராம்பட்டினத்தில் ஷபானாவுக்கு ஏழாம் மாதம். அவளிடம் போய் இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? “அதைவிட நல்ல ரூம், புது வீடு” என்றான். “ஜன்னல் இருக்கா?” என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான். தேக்கா சந்தையில் ஒரு பச்சைத் திரை வாங்கி, வெறும் சுவரில் கொக்கி ஒட்டி மாட்டினான். பகல் வெளிச்சம் போலத் தெரிவதற்கு அதன் பின்னால் விளக்குப் பட்டை ஒன்றையும் ஒட்டினான். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது என்று அவனுக்கே தோன்றியது. ஒட்டி முடித்த பிறகு வெகுநேரம் அந்தத் திரையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கம்பி நிறைந்த அந்தச் சுவருக்குள் சிக்னல் சரியாக வராது. வீடியோவில் அவன் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும், குரல் அறுந்து அறுந்து போகும். அது அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது. மங்கலில் பொய் பிழைத்துக்கொள்ளும் அல்லவா? ஆனால் ஷபானா ஒருநாள் அழுதுவிட்டாள். “உங்க முகத்தை முழுசாப் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா? என்கிட்டேர்ந்து ஏதோ மறைக்கிறீங்கன்னு உம்மா சொல்றாங்க.”

மறுநாளே வேலையில் இறங்கினான். முதலில் கதவிடுக்கில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு பேசிப் பார்த்தான். பாதிப் பேச்சில் அறுந்தது. ஹாலில் இருந்த வைஃபை இரும்புக் கதவோடு நின்றுவிட்டது. கடைசியில், சுவரின் மேற்புறம் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையின் வட்டத் தகட்டைக் கழற்றி, அதன் வழியே நீளமான கேபிளை இழுத்து, உள்ளே ஒரு பழைய ரௌட்டரைப் பொருத்தினான். செருப்பு டப்பா அட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் ஆன்டெனாவுக்குப் பின்னால் வளைத்து நிறுத்தினான். தகட்டைக் கழற்றியபோது ஈர சிமெண்ட் வாடை குப்பென்று அடித்தது. போனில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி நிறைந்தன.

அன்றைக்கு ஷபானாவின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. அவளும் சிரித்தபடி அவனையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள்.

“ஜன்னலுக்கு வெளிய யாரு மச்சான் நிக்கிறது?”

அவன் திரும்பினான். திரை. அதற்குப் பின்னால் விளக்கு. அதற்குப் பின்னால் சுவர். அங்கே ஆள் நிற்க இடமில்லை என்று சொல்வதற்கு நாக்கு வரைக்கும் வார்த்தை வந்தது. சொன்னால் ஜன்னல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“பக்கத்து வீட்டுக்காரர்” என்றான். “துணி காயப்போட வருவாரு.”

பேசி முடித்ததும் திரையை விலக்கினான். வெறும் சுவர்தான். ஆனால் அவன் முகத்துக்கு நேராக, ஒரு தட்டின் அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. தொட்டுப் பார்த்தான். யாரோ நெடுநேரம் வாயை வைத்து மூச்சுவிட்ட இடம் போல, சூடாக இருந்தது.

அடுத்த நாள் மாலை ரபியா அக்கா கதவைத் தட்டினார். “யாசர், ரூம்ல ஆளைத் தங்க வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“யாரும் இல்லக்கா.”

“ரெண்டு குரல் கேக்குது.”

“ஸ்பீக்கர்ல பேசுறேன்க்கா.”

“நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப கேட்டுச்சு லா” என்றார் அக்கா.

அன்று இரவு ஷபானாவே கூப்பிட்டாள். சலாம் சொன்னாள், மருத்துவமனைக்குப் போய் வந்ததைச் சொன்னாள், பிள்ளை உதைப்பதைச் சொன்னாள். அவள் கண் மட்டும் அவன் தோளுக்குப் பின்னால் போய்ப் போய் வந்தது.

“அவர் இன்னைக்கும் நிக்கிறாரு மச்சான். ரொம்பக் கிட்டத்துல. அல்லா, உங்க சாடையாவே இருக்காரே.”

“அப்படியா?”

“தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிறாரு, எதுக்கோ வெட்கப்படுற மாதிரி. பாவம். ஜன்னலைத் திறந்து என்னன்னு கேளுங்க.”

“அப்புறமா கேக்குறேன்.” சொல்லடா, இப்போதாவது சொல் என்று உள்ளுக்குள் ஒரு குரல் அவனைக் காறித் துப்பியது. அவன் கூசிப்போய் உட்கார்ந்திருந்தான்.

ஷபானா வீட்டு வாசலுக்கு வந்தவரை வெறுமனே அனுப்பிப் பழக்கமில்லாதவள். திரையைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து அவளாகவே குரல் கொடுத்தாள். “அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. ஊருக்கு வந்தா அவசியம் எங்க வீட்டுக்கு வாங்க. வந்து சாப்பிட்டுத்தான் போகணும்.”

விளக்குப் பட்டை ஒருமுறை மங்கி எரிந்தது. யாசரின் பின்கழுத்தில் சூடான மூச்சு பட்டது. சலாமுக்குப் பதில் சொல்லும் ஒரு குரல். மெல்லிய குரல். அவன் குரல்.

அவன் கேபிளைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினான்.

படம் அறுபடவில்லை. ஷபானா அசைவு பிசகாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். “பதில் சொல்லிட்டாரு மச்சான்” என்றாள்.

போனை அணைத்துவிட்டு வெளியே ஓடினான். அன்றிரவு முழுவதும் வீட்டுக்குக் கீழே, தரையோடு திறந்துகிடக்கும் வெற்றுத்தளத்தின் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஒரு வார்த்தை. ஜன்னல் இல்லை என்கிற ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவள் யாரையும் அழைத்திருக்க மாட்டாள். விடிந்து, வெயில் ஏறி, அவளும் எழுந்திருப்பாள் என்று தெரிந்த பிறகு மேலே போனான். திரையைக் கிழித்து எறிந்தான். விளக்கைப் பிய்த்தான். அட்டை, ரௌட்டர், எல்லாவற்றையும் மூலையில் வீசினான். இந்த வெறும் சுவரை அவளுக்குக் காட்டிவிட வேண்டும். திட்டட்டும். அழட்டும்.

ஈரத் தடம் இருந்த இடம் இப்போது காய்ந்திருந்தது. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி காய்ந்திருந்தது.

கேபிளும் ரௌட்டரும் இல்லாமலே போனில் கோடுகள் முழுதாக நின்றன. அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

வாய் திறக்க அவளுக்கு இடம் கொடுக்காமல் கொட்டினான். “ஷபானா, இங்க ஜன்னலே இல்ல. சுவர் மட்டும்தான், பாரு. கம்பெனி மூடிட்டாங்க. ஸ்டோர் ரூம்ல படுத்திருக்கேன். உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. அங்க நின்னவன் யாருன்னு எனக்குத் தெரியாது. யார் வந்தாலும் கதவைத் திறக்காத.”

அவள் கன்னத்தில் ஈரம் மின்னியது. நன்றாக அழுது முடித்த முகம், நிம்மதியான முகம். எங்கோ தட்டில் கரண்டி படும் ஓசை கேட்டது. அவள் போனிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“மச்சான்” என்று கூப்பிட்டாள். அவனை அல்ல. “உங்க நம்பர்லேர்ந்து யாரோ பேசுறாங்க. காலையில வந்ததும் என்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னீங்களே, அதையே சொல்றாங்க.”

“ஷபானா.”

“யாருங்க நீங்க?” என்றாள் அவனைப் பார்த்து.

அவளுக்குப் பின்னால் ஓர் உருவம் எழுந்து வந்தது. அவன் உயரம். அவன் நடை. குனிந்த தலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. யாசர் கத்தினான், அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. படம் கொஞ்சமும் சிதறவில்லை. விரலிடுக்கெல்லாம் சிமெண்ட் பொடி படிந்த ஒரு கை மெதுவாக நீண்டு, ஷபானாவின் வயிற்றின் மேல் அமர்ந்தது. உள்ளே பிள்ளை உதைத்தது. அவள் சிரித்தபடி தன் கையை அந்தக் கையின் மேல் வைத்துக்கொண்டாள்.