இல்லாத இரண்டு பெட்டிகள்

அறையில் இருந்தவை ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகள். சோதனைக் குரல் ஆறாவது இடத்திலிருந்தும் பேசியது.

முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று பெட்டி பெட்டியாகத் தாவிய கணினிப் பெண், கடைசியில் "பக்க இடது" என்று, சோதித்துக்கொண்டிருந்தவரின் காதோரச் சுவரிலிருந்து, வெதுவெதுப்பான மூச்சோடு சொன்னாள். அந்தச் சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது.

வாங்கிய அன்றே கடைக்காரர் சொன்னார்: "சார், உங்க சவுண்ட் கார்டு ஏழு பெட்டிக்கானது. இந்த செட்ல அஞ்சுதான். பக்கவாட்டு ரெண்டு இடமும் காலியாவே கிடக்கும்."

"கிடக்கட்டுமே! என் வீட்ல பேச ஆளா இல்ல?" என்று அவர் சிரித்த சிரிப்பில் கடைக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

பெட்டிகள் வந்ததும் ஓசை வெளியே கசியக் கூடாதென்று ஜன்னலை அடைத்தார்; கதவிடுக்கு முழுக்க, உள்ளே நின்றபடியே, பசை தடவி நுரைப்பட்டை ஒட்டினார். இரண்டு மலைகளைச் சேர்த்துவைக்கும் பசை அது.

"உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று மனைவி அப்போதே கேலி செய்தாள்.

இப்போது கதவு அசையவில்லை. இழுத்தார். கைப்பிடிதான் கையோடு வந்தது. பசை நாற்றம் மூக்கில் ஏறியது.

பிளக்கைப் பிடுங்கினார். பெட்டிகளின் விளக்குகள் அணைந்தன. பெட்டிகள் செத்தன.

"பக்க வலது."

ஆண் குரல். அவருடைய குரல்.

"யாரது?" என்று கேட்க வாயெடுத்தார். சுவர் முந்திக்கொண்டது. "யாரது?"

கதவை அறைந்தார். கத்தினார். கத்தல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒயர் பிடுங்கிய ஐந்து பெட்டிகளிலிருந்தும் வந்தது.

மூச்சடக்கிக் காதைக் கதவில் வைத்தார். நுரையைத் தாண்டி, மெல்லிசாக, மனைவியின் குரல்.

"என்னங்க, உள்ள யாரோ கத்தற மாதிரி இருக்கே?"

"ஸ்பீக்கர் டெஸ்ட்தாம்மா ஓடுது," என்றது கூடத்திலிருந்து அவருடைய குரல். "எப்படி இருக்கு?"

"அடேங்கப்பா, அச்சு அசல் நீங்களே உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி! போதும், அணைச்சுட்டு வாங்க."

"அது பாட்டுக்கு ஓடட்டும். நீ வா."

இரண்டு ஜோடிக் காலடிகள் நகர்ந்தன. ஒன்று அவளுடையது. மற்றொன்று ஈரமாக, இழுத்து இழுத்து, நடக்கப் பழகிக்கொண்டிருந்தது.